வீட்டு வழங்கி

வீட்டு வழங்கி என்பது, ஒரு குடியிருப்பில் வைக்கப்பட்டு, அவ்வீட்டின் வழமையான இணைய இணைப்பின் ஊடாக வலைப்பக்கங்கள், கோப்புகள், நிழற்படங்கள், மின்னஞ்சல் முதலியவற்றைப் பிற கணினிகளுக்கு வழங்கும் கணினி ஆகும். வணிக வழங்கிகள் குளிரூட்டப்பட்ட தரவு மையங்களில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். வீட்டு வழங்கி மேசைக்கு அடியிலோ, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னாலோ இருக்கும். எனினும் இவ்விரண்டும் செய்யும் வேலை ஒன்றே. இயங்கும் மென்பொருளும் பெரும்பாலும் ஒன்றே. முதன்மையான வேறுபாடு இணைப்பில் உள்ளது. வீட்டு இணைய இணைப்பு தகவலைப் பெறுபவரை எண்ணி வடிவமைக்கப்பட்டதே அன்றி, கொடுப்பவரை எண்ணி அன்று. வீட்டில் வழங்கி நடத்துவோர் சந்திக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை இக்காரணத்தில் இருந்தே தோன்றுகின்றன.

வரலாறு

வீட்டில் இருந்து பிறருக்குக் கணினிச் சேவை வழங்கும் வழக்கம் பொது மக்கள் இணையத்தைப் பயன்படுத்தத் தொடங்குவதற்கு முன்பே இருந்தது. 1978 பெப்ரவரி 16 அன்று, சிக்காகோ நகரில் வார்டு கிறிசுட்டென்சன், ராண்டி சூயெசு ஆகிய இருவரும் கணினி அறிவிப்புப் பலகை ஒன்றைத் தொடங்கினர். சூயெசின் வீட்டில் இருந்த அக்கணினியை எவரும் தொலைபேசி வழியாக மோடம் கொண்டு அழைத்துச் செய்திகளைப் படிக்கவும் எழுதவும் முடிந்தது. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பயன்படுத்தலாம் என்பதால் மற்றவர்கள் இணைப்பு விடுபடும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1980களில் இத்தகைய பலகைகள் பல நாடுகளில் பெருகின.

இணையத்தின் தொடக்க கால வடிவமைப்பிலும் வழங்கும் கணினி, கேட்கும் கணினி என்ற நிலையான பாகுபாடு இல்லை. முகவரி பெற்ற எந்தக் கணினியும் மற்ற எந்தக் கணினியோடும் நேரடியாகப் பேசலாம். 1990ஆம் ஆண்டின் இறுதியில் டிம் பேர்னர்சு-லீ சேர்ன் ஆய்வு மையத்தில் இயக்கிய உலகின் முதல் வலை வழங்கி, அவர் நாள்தோறும் பயன்படுத்திய நெக்சுட் மேசைக் கணினியே ஆகும். அது வழங்கி என்பதால் மின்சாரத்தை நிறுத்த வேண்டாம் என்று சிவப்பு மையில் எழுதிய ஒரு துண்டுத்தாள் அதில் ஒட்டப்பட்டிருந்தது. இதே வேண்டுகோளை இன்றும் பல வீடுகளில் வழங்கி நடத்துவோர் தம் குடும்பத்தினரிடம் விடுக்க நேர்கிறது.

1991இல் லினக்சு கருனியும் 1995இல் அப்பாச்சி வலை வழங்கி மென்பொருளும் வெளிவந்த பின், பழைய கணினி ஒன்று உள்ள எவரும் செலவின்றி வழங்கி அமைக்க முடிந்தது. எப்போதும் இணைந்திருக்கும் அகலப்பட்டை இணைப்புகள் 2000 அளவில் வீடுகளுக்கு வந்தபோது, இனி ஒவ்வொரு வீடும் தன் வலைத்தளத்தைத் தானே நடத்தும் என்று சிலர் எதிர்பார்த்தனர். நடந்தது வேறு. மக்கள் தம் எழுத்தையும் படங்களையும் பெரிய நிறுவனங்களின் வழங்கிகளில் வைத்தனர். அவ்வாறு வைத்தவை நிறுவனத்தின் முடிவுக்கு உட்பட்டவை. எடுத்துக்காட்டாக, எண்ணற்ற தனிநபர் பக்கங்களைத் தாங்கிய சியோசிட்டீசு தளத்தை யாகூ நிறுவனம் 2009 அக்டோபரில் மூடியபோது, தன்னார்வலர்கள் அவசரமாகப் படியெடுத்தவை தவிர மற்றவை மறைந்தன.

2007இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோசு ஓம் சேர்வர் என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. வீட்டில் வழங்கி எதற்கு என்று விளக்கும் சிறுவர் கதை நூல் ஒன்றையும் அந்நிறுவனம் விளம்பரத்துக்காக, சற்று நகைச்சுவையோடு, அச்சிட்டது. 2011 பதிப்புக்குப் பின் அவ்வியங்குதளம் தொடரப்படவில்லை. 2010இல் சட்டப் பேராசிரியர் எபென் மொக்லன் நியூ யோர்க்கில் ஆற்றிய உரையைத் தொடர்ந்து, டெபியன் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்ட பிரீடம்பாக்சு என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டம் உருவானது. ஒவ்வொருவரும் தம் தகவலைத் தம் வீட்டிலேயே ஒரு சிறு பெட்டியில் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

வன்பொருள்

வீட்டு வழங்கிக்கு உயர்ந்த கணினி தேவை இல்லை. பயன்பாட்டில் இருந்து விலக்கிய மடிக்கணினி பலருக்குப் போதும். மின்கலம் நல்ல நிலையில் இருந்தால் அதுவே குறுகிய மின்தடையைத் தாங்கும். 2012 பெப்ரவரி 29 அன்று 35 அமெரிக்க டாலர் விலையில் வெளிவந்த ராசுபெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினிகளும் பரவலாகப் பயன்படுகின்றன.

வாங்கும் விலையை விட மின்செலவைக் கணக்கிடுவது முக்கியமானது. ஆண்டு முழுவதும் நிறுத்தாமல் இயங்கும் கருவியின் ஒவ்வொரு வாட்டும் ஆண்டுக்கு 8.76 அலகு மின்சாரம் ஆகும். 100 வாட் இழுக்கும் பழைய மேசைக் கணினி ஆண்டுக்கு 876 அலகும், 5 வாட் இழுக்கும் சிறு பலகைக் கணினி சுமார் 44 அலகும் செலவழிக்கும். இலவசமாகக் கிடைத்த பழைய கணினி சில ஆண்டுகளில் புதியதை விட அதிகச் செலவு வைப்பது இதனாலேயே.

மேலேற்ற வேகம்

வீட்டில் ஒருவர் படம் பார்க்கும்போது தகவல் வெளியில் இருந்து உள்ளே வருகிறது. வீட்டு வழங்கியிடம் ஒருவர் படம் கேட்டால் தகவல் உள்ளிருந்து வெளியே போக வேண்டும். இரண்டாவது திசையின் வேகம் பல வீட்டு இணைப்புகளில் முதலாவதை விட மிகக் குறைவு.

தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தைக் கொணர்ந்த ஏடிஎஸ்எல் தொழில்நுட்பத்தின் பெயரின் முதல் எழுத்தே சமச்சீரற்றது என்பதைக் குறிக்கும். அதில் குரலுக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் ஏறத்தாழ 26 முதல் 138 கிலோஏர்ட்சு வரையிலான குறுகிய பட்டை மேலேற்றத்துக்கும், 138 முதல் 1104 கிலோஏர்ட்சு வரையிலான அகன்ற பட்டை பதிவிறக்கத்துக்கும் ஒதுக்கப்பட்டன. இதை வணிக நோக்கு மட்டும் என்று கூறிவிட முடியாது. பல வீடுகளின் கம்பிகள் தொலைபேசி நிலையத்தில் ஒன்றுகூடுகின்றன. தொலைவில் இருந்து வலுவிழந்து வரும் மேலேற்றக் குறிகை, அங்கே பக்கத்துக் கம்பிகளின் வலிமையான குறிகையில் அமிழ்ந்துபோகும். எனவே அதற்குத் தனியான தாழ்ந்த பட்டையை ஒதுக்கியது பொறியியல் அடிப்படையிலும் பொருத்தமானது. ஆனால் எப்பக்கம் அகலமாக இருக்க வேண்டும் என்ற தேர்வு, வீட்டில் இருப்பவர் நுகர்வோர் என்ற கருத்தில் இருந்து வந்தது.

சட்ட வரையறைகளிலும் இக்கருத்து காணப்படுகிறது. இந்திய அரசின் 2004 அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் பதிவிறக்க வேகத்தையே அகலப்பட்டையின் குறைந்த அளவாகக் கொண்டது. அந்த அளவு 2023இல் 2 மெகாபிட் என உயர்த்தப்பட்டபோதும் வரையறை பதிவிறக்கத்தையே குறித்தது. மாறாக, அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2024இல் பதிவிறக்கம் 100, மேலேற்றம் 20 மெகாபிட் என இரண்டையும் வரையறுத்தது.

நடைமுறையில் இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மேலேற்ற வேகம் நொடிக்கு 1 மெகாபிட் எனில் நொடிக்கு 125 கிலோபைட் வெளியேறும். 3 மெகாபைட் அளவுள்ள ஒரு நிழற்படத்தை அனுப்ப 24 நொடிகள் ஆகும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் நான்கு நிமிடங்கள் ஆகும். அவ்வேளையில் வீட்டில் உள்ளோரின் இணையமும் தடுமாறும். ஏனெனில் பதிவிறக்கத்துக்கும் மேலேற்ற வழியில் ஒப்புகைகள் போக வேண்டியுள்ளது. ஒளியிழை இணைப்புகள் இந்நிலையைப் பெரிதும் மாற்றியுள்ளன. பரவலாக உள்ள ஜிபான் ஒளியிழைத் தொழில்நுட்பத்தில் பல வீடுகள் பகிரும் கொள்ளளவு பதிவிறக்கத்துக்கு 2.5 கிகாபிட்டும் மேலேற்றத்துக்கு 1.25 கிகாபிட்டும் ஆகும். எனவே ஒரு குடும்பத்தின் தேவைக்கு மேலேற்ற வேகம் தடையாக இருந்த காலம் ஒளியிழை வந்த இடங்களில் முடிந்துவிட்டது எனலாம். முகவரிச் சிக்கல் அவ்வாறு முடியவில்லை.

முகவரிச் சிக்கல்

ஒரு வழங்கியை வெளியில் இருப்பவர் அடைய வேண்டுமானால் அதற்கு இணையத்தில் ஒரு பொது முகவரி இருக்க வேண்டும். நீண்ட காலமாகப் பயன்படும் ஐபி பதிப்பு 4, 32 பிட் எண்களைக் கொண்டது. எனவே மொத்த முகவரிகள் சுமார் 429 கோடி மட்டுமே. உலக மக்கள்தொகைக்கே இது போதாது. பற்றாக்குறையைச் சமாளிக்க 1994இல் முன்மொழியப்பட்ட வழி, பிணைய முகவரி மாற்றம் என்பதாகும். வீட்டுக்கு ஒரே ஒரு பொது முகவரி கொடுக்கப்படும். உள்ளே உள்ள கணினிகள் 192.168 எனத் தொடங்குவது போன்ற தனி முகவரிகளைப் பயன்படுத்தும். இரண்டுக்கும் இடையே திசைவி மாற்றிக் கொடுக்கும்.

இதை ஒரு மாணவர் விடுதியின் வாயிற்காவலரோடு ஒப்பிடலாம். அறையில் இருப்பவர் கடிதம் அனுப்பும்போது காவலர் அதைக் குறித்துக்கொள்வார். பதில் வந்தால் உரிய அறைக்குக் கொடுப்பார். ஆனால் எவரும் எழுதாத நிலையில் வெளியில் இருந்து, அறை எண் இன்றி விடுதியின் பெயருக்கு மட்டும் ஒரு கடிதம் வந்தால் அதை யாரிடம் கொடுப்பது என்று அவருக்குத் தெரியாது. வீட்டு வழங்கிக்கு வரும் வேண்டுகோள்கள் யாவும் இந்த வகைக் கடிதங்களே. திசைவி அவற்றைக் கைவிட்டுவிடும்.

இதற்குத் தீர்வு துறை முன்னனுப்பல் ஆகும். துறை என்பது ஒரே முகவரியில் உள்ள வெவ்வேறு சேவைகளைப் பிரித்தறியும் எண். வலைக்கு 80, மறையாக்கப்பட்ட வலைக்கு 443, மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கு 25 என்பன வழக்கம். 443ஆம் துறைக்கு வருவதை எல்லாம் உள்ளே உள்ள 192.168.1.10 என்னும் கணினிக்கு அனுப்பு என்று திசைவியின் அமைப்பில் ஒரு விதி எழுதினால் வழங்கியை வெளியில் இருந்து அடையலாம். அவ்வாறு அமைத்த பின்னரும், வீட்டுக்குள் இருந்து தன் தளத்தின் பெயரை அழைப்பவருக்கு அது திறக்காமல் போவதுண்டு. உள்ளிருந்து கிளம்பி மீண்டும் உள்ளே திரும்பும் பொதிகளைச் சில திசைவிகள் கையாள்வதில்லை என்பதே காரணம். வழங்கியில் பிழை எதுவும் இல்லை. வெளியில் இருந்து, எடுத்துக்காட்டாகக் கைப்பேசி இணைப்பின் வழியாக, சோதித்துப் பார்ப்பதே முறை.

வீட்டின் பொது முகவரியும் நிலையானது அன்று. மோடத்தை அணைத்து இயக்கினால் வேறு முகவரி கிடைக்கலாம். மாறும் முகவரியை மாறாத ஒரு பெயரோடு இணைத்துவைக்கும் சேவை இயங்கு பெயர்ச் சேவை எனப்படும். வீட்டில் உள்ள ஒரு சிறு நிரல், முகவரி மாறும்போதெல்லாம் புதிய எண்ணைப் பெயர் வழங்கிக்கு அறிவிக்கும். இத்துறையில் பலரும் அறிந்த டைன் நிறுவனம் தன் இலவசச் சேவையை 2014 மே மாதத்தில் நிறுத்தியது. அதை நம்பியிருந்த தளங்கள் வேறு பெயரைத் தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. சொந்தமாக ஓர் ஆள்களப் பெயரைப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு இத்தகைய இழப்பு இல்லை. சேவையை மாற்றினாலும் பெயர் மாறாது.

இவற்றை விடக் கடுமையான தடை பின்னர் வந்தது. 2011 பெப்ரவரி 3 அன்று உலக அளவிலான முகவரி இருப்பின் கடைசித் தொகுதிகள் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. அதன்பின் வீட்டுக்கு ஒரு பொது முகவரி கொடுப்பதும் பல சேவை நிறுவனங்களுக்கு இயலாமல் போயிற்று. வீட்டுத் திசைவி செய்யும் அதே முகவரி மாற்றத்தை நிறுவனங்கள் தம் அளவில் மீண்டும் ஒருமுறை செய்யத் தொடங்கின. இதற்கெனவே 2012இல் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் ஒதுக்கப்பட்டன. இந்நிலையில் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன. முதல் காவலர் வீட்டுக்காரரின் பேச்சைக் கேட்பார். இரண்டாவது காவலர் நிறுவனத்தின் ஆள். எனவே வீட்டில் எத்தனை விதிகள் எழுதினாலும் வெளியார் உள்ளே வர வழியில்லை. திசைவி காட்டும் வெளிமுகவரியும், வெளித்தளம் ஒன்று காட்டும் முகவரியும் வேறுபட்டால் இத்தகைய இணைப்பு என்று பொதுவாக அறியலாம்.

இதைக் கடக்கப் பெரும்பாலோர் கையாளும் வழி சுரங்கவழி ஆகும். உள்ளிருந்து வெளியே செல்லும் இணைப்பை எவரும் தடுப்பதில்லை. ஆகவே வீட்டு வழங்கி, பொது முகவரி உள்ள ஒரு வெளிக்கணினிக்குத் தானே இணைப்பை ஏற்படுத்தி அதைத் திறந்தே வைத்திருக்கும். பார்வையாளர்கள் அந்த வெளிக்கணினியை அடைந்து, அதன் வழியே வீட்டுக்கு வருவர். வெளிக்கணினியைக் குறைந்த வாடகைக்கு எடுத்து, 2020இல் லினக்சு கருனியில் சேர்க்கப்பட்ட வயர்கார்டு நெறிமுறையால் இணைக்கலாம். கிளவுட்பிளேர் போன்ற நிறுவனங்கள் இதைச் சேவையாகவும் தருகின்றன. அவ்வாறான சேவையில் வலைத்தளத்தின் மறையாக்கம் வழக்கமாக இடையில் உள்ள நிறுவனத்தின் கணினியில் அவிழ்க்கப்பட்டு மீண்டும் கட்டப்படுகிறது. தகவலைப் பிறர் கையில் கொடுக்க விரும்பாமல் வீட்டில் வழங்கி வைத்தவர், இதை அறிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடிப்படைத் தீர்வு ஐபி பதிப்பு 6 ஆகும். 1998இல் வரையறுக்கப்பட்ட இது 128 பிட் முகவரிகளைக் கொண்டது. வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைக்கும். முகவரி மாற்றம் தேவையில்லை. திசைவியின் தீச்சுவரில் அனுமதி கொடுத்தால் போதும். இந்தியாவில் இணையப் பயனர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இது உள்ளது. ஆனால் பதிப்பு 4 மட்டுமே உள்ள இணைப்பில் இருந்து வரும் பார்வையாளர் இத்தகைய வழங்கியை அடைய முடியாது என்பது குறிப்பிடத்தக்கது.

ஒப்பந்த நிபந்தனைகள்

தொழில்நுட்பம் இடம் கொடுத்தாலும் ஒப்பந்தம் இடம் கொடாதிருக்கலாம். வீட்டு இணைப்பில் வழங்கி நடத்தக் கூடாது என்ற நிபந்தனை பல நாடுகளின் சேவை ஒப்பந்தங்களில் இருந்து வந்துள்ளது. கொள்ளளவைப் பல வீடுகள் பகிர்வதால் ஒருவரின் மிகுபயன்பாடு மற்றவரைப் பாதிக்கும் என்பது நிறுவனங்கள் கூறும் காரணம். விலை கூடிய வணிக இணைப்புகளை விற்க வேண்டும் என்பதும் ஒரு காரணமே.

இது குறித்து விரிவாகப் பேசப்பட்ட வழக்கு கூகிள் பைபர் பற்றியது. 2012இல் அமெரிக்காவின் கன்சாசு நகரத்தில் கூகிள் நிறுவனம் இரு திசையிலும் நொடிக்கு 1 கிகாபிட் வேகம் கொண்ட ஒளியிழை இணைப்பை அறிவித்தது. மேலேற்ற வேகம் ஒரு தடையே அல்லாத இவ்விணைப்பின் நிபந்தனைகளிலும் எவ்வகை வழங்கியும் நடத்தக் கூடாது என்று இருந்தது. சட்டத்துக்கு உட்பட்ட பயன்பாடுகளைத் தடுக்கலாகாது என்னும் 2010ஆம் ஆண்டின் திறந்த இணைய ஆணைக்கு இது முரண் என்று ஒருவர் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் முறையிட்டார். பிற நிறுவனங்களிலும் இத்தகைய நிபந்தனை வழக்கமே என்று கூகிள் 2013 யூலையில் பதில் அளித்தது. இணைய நடுநிலைமைக்காக முன்னர் வாதாடிய நிறுவனம் அது என்பதால் இப்பதில் விமர்சனத்துக்கு உள்ளானது. அதே ஆண்டு அக்டோபரில், வணிக நோக்கற்ற தனிப்பட்ட வழங்கிகளை அனுமதிப்பதாக நிபந்தனை மாற்றப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குவிதி இதில் தெளிவானது. இணையப் பயனர்கள் தகவலைப் பெறுவது மட்டுமன்றிப் பரப்பவும், சேவைகளைப் பயன்படுத்துவது மட்டுமன்றி வழங்கவும் உரிமை உடையவர்கள் என்று அது கூறுகிறது.

மின்னஞ்சல்

வீட்டு வழங்கியில் மிகக் கடினமானது மின்னஞ்சல் ஆகும். தீநிரல் தொற்றிய வீட்டுக் கணினிகள் எரிதம் எனப்படும் வேண்டாத அஞ்சல்களைப் பெருமளவில் அனுப்பியதால், பல சேவை நிறுவனங்கள் 25ஆம் துறையை மூடிவிட்டன. திறந்திருந்தாலும், வீட்டு இணைப்புகளுக்கு உரிய முகவரிகளை ஸ்பாம்ஆசு போன்ற அமைப்புகள் பட்டியலிட்டு வைத்துள்ளன; அவற்றில் இருந்து நேரடியாக வரும் அஞ்சலைப் பெறுநரின் வழங்கி ஏற்பதில்லை. அனுப்பியவர் குற்றமற்றவர் என்பது இங்கே கணக்கில் வராது. இதனால் பலர் அஞ்சலைப் பெறுவதை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு இடைநிலைச் சேவை ஒன்றைப் பயன்படுத்துகின்றனர்.

பாதுகாப்பு

யாருக்கும் தெரியாத சிறு வழங்கியை யார் தாக்கப்போகிறார்கள் என்ற எண்ணம் தவறானது. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சீமாப் என்னும் நிரல், ஒரு கிகாபிட் இணைப்பு உள்ள ஒரே கணினியில் இருந்து பதிப்பு 4இன் முகவரிகள் அனைத்தையும் 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்க்க வல்லது. வலைத்தளத்துக்கு மறையாக்கச் சான்றிதழ் பெற்றால் அதன் பெயர் பொதுப் பதிவேடுகளில் உடனே வெளியாகிறது. எனவே தாக்குவோர் எவரையும் தேர்ந்தெடுப்பதில்லை. கிடைப்பதை எல்லாம் முயல்கின்றனர்.

2001 யூலையில் கோட் ரெட் என்னும் புழுநிரல் 14 மணி நேரத்துக்குள் 3,59,000க்கு மேற்பட்ட கணினிகளில் தொற்றியது. தம் கணினியில் வலை வழங்கி மென்பொருள் ஓடுகிறது என்பதையே அறியாதவர்களும் அக்கணினிகளின் உரிமையாளர்களிடையே இருந்தனர். அமெரிக்காவில் சில நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளின் 80ஆம் துறையை அடைத்தது இதன் பின்னரே. 2016இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத ஒளிப்படக் கருவிகளையும் திசைவிகளையும் சுமார் 60 சொற்சோடிகளை மட்டும் முயன்று கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அக்கருவிகள் கொண்டு முடக்கப்பட்டது மேலே குறிப்பிட்ட டைன் நிறுவனம் ஆகும். 2021 யூனில் மை புக் லைவ் என்னும் வீட்டுச் சேமிப்புக் கருவிகள் பலவற்றின் உள்ளடக்கம் இணையம் வழியாக அழிக்கப்பட்டது. அக்கருவிகளுக்கான மென்பொருள் மேம்பாடு 2015இலேயே நிறுத்தப்பட்டிருந்தது.

தேவையற்ற துறைகளை மூடிவைத்தல், கடவுச்சொல்லுக்குப் பதில் திறவுகோல் கோப்பைப் பயன்படுத்தல், மென்பொருளை உடனுக்குடன் மேம்படுத்தல் ஆகியவை அடிப்படையான காப்புகள். இவற்றுள் கடைசியானதே பெரும்பாலும் தவறவிடப்படுகிறது. முதல் வாரத்தில் இருந்த ஆர்வம் மூன்றாம் ஆண்டில் இருப்பதில்லை. குடும்பத்தார் மட்டும் பயன்படுத்தும் வழங்கி எனில், அதைப் பொது இணையத்துக்குத் திறக்காமல் மெய்நிகர் தனியார் பிணையம் ஒன்றின் வழியாக மட்டும் அடையச் செய்வதே சிறந்தது. மறையாக்கச் சான்றிதழ்கள் ஒருகாலத்தில் விலைக்கே கிடைத்தன. லெட்சு என்கிரிப்டு அமைப்பு 2015 டிசம்பர் முதல் அவற்றைப் பொதுமக்களுக்கு இலவசமாக வழங்கி வருகிறது.

பயன்பாடு

குடும்ப நிழற்படங்கள், நாட்காட்டி, கோப்புகள் ஆகியவற்றுக்கு 2016இல் தொடங்கிய நெக்சுட்கிளவுட் போன்ற கட்டற்ற மென்பொருட்கள் உள்ளன. வீட்டு விளக்குகளையும் உணரிகளையும் கட்டுப்படுத்தவும், திரைப்படத் தொகுப்பை வீட்டுக்குள் பார்க்கவும் வழங்கிகள் பயன்படுகின்றன. கணினியியல் மாணவர்களுக்குப் பிணையம் எவ்வாறு இயங்குகிறது என்பதை இதை விடத் தெளிவாகக் கற்பிக்கும் கருவி குறைவு. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் தளத்துக்கோ, ஒரு மணி நேரம் நின்றாலும் இழப்பு ஏற்படும் தொழிலுக்கோ வீட்டு இணைப்பு ஏற்றதன்று.

இரு வட்டுகளில் ஒரே தகவலை எழுதும் ரெய்டு முறையைப் பலர் காப்புப் பிரதியாகக் கருதுகின்றனர். வட்டு ஒன்று பழுதானால் அது உதவும். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் அழிந்திருக்கும். திருட்டு, தீ, வெள்ளம் ஆகியவற்றுக்கும் அது காப்பன்று. மறையாக்கம் செய்த ஒரு பிரதியை உறவினர் வீடு போன்ற வேறிடத்தில் வைத்து, அதில் இருந்து கோப்புகளை மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிக்க வேண்டும். வழங்கியை அமைத்தவர் ஊரில் இல்லாதபோது அது நின்றுபோனால் என்ன செய்வது, கடவுச்சொற்கள் எங்கே உள்ளன என்பவற்றைத் தாளில் எழுதி வீட்டில் வைப்பதும் இதில் அடங்கும். படங்கள் அனைத்தும் அக்கணினியில் இருக்க, அதைத் திறக்கத் தெரிந்தவர் ஒருவரே என்ற நிலை பல வீடுகளில் உள்ளது.